கற்பூர அறைச் சன்னல்

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் கைமிஷின் வைத்துக் கற்பூர வில்லை செய்து விற்றேன். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா தெருக்காரர்களையே கூட்டி வந்துவிட்டார்.

"குடியிருக்கிற எடத்துல இது வேணாங்க. பத்திக்கும்னு பயமா இருக்குது" என்றார்.

பொறாமை என்று நினைத்து அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

கார்த்திகை தீபத்தன்று எந்த அறையும் இருட்டாக இருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மலையில் தீபம் தெரிந்ததும் பின்னறைச் சன்னலிலும் அகல் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். திடீரென்று கொல்லைப் பக்கம் சத்தம். ஓடினேன். அக்கா தன் வீட்டுப் பக்கமாகச் சன்னலுக்கு வெளியே நின்று, ஈரச் சாக்கால் அந்த அகலை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்ல நாளும் அதுவுமா வெளக்க அணைக்கிறீங்களே" என்று கத்தினேன்.

"இங்க வந்து நின்னு பாருங்க" என்றார்.

அவர் நின்ற இடத்துக்குப் போய் உள்ளே பார்த்தேன். சன்னல் திரை பாதி கருகியிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளிக் கற்பூர மூட்டை.

மறுநாளே தொழிலை ஊருக்கு வெளியே ஒரு கொட்டகைக்கு மாற்றினேன். இப்போதெல்லாம் யார் ஆட்சேபம் சொன்னாலும், பதில் பேசும் முன் அவர்கள் வீட்டுப் பக்கம் போய் நின்று என் வீட்டைப் பார்க்கிறேன்.