டிரைவர் பக்க மூலையில் ஓர் ஓட்டை

பட்டறையில் அவருக்கு நூலண்ணன் என்று பெயர். கார் இருக்கைகளுக்கும் கூரைகளுக்கும் துணி தைக்கிறவர். முப்பது வருடத்தில் ஒரு நூல் பிசகியதில்லை என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். அதைக் கேட்டுக் கேட்டு மனிதருக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

வீட்டிலும் அதே பாட்டுதான். அவர் மனைவி தன் தம்பியைப் பத்து வருடத்துக்கு முன்பே இவரிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தாள். நாற்பதைத் தொட்ட அந்த மச்சினன் பட்டறையில் வண்டிகளுக்குப் பாலீஷ் போடுவான். மாமா கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டான்.

ஒரு நாள் பல் டாக்டர் ஒருவர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து விட்டார். கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரும் சிவப்பு வண்டி. அதன் பழைய துணி உறை நைந்துவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும். வண்டி நிற்கும்போது இருக்கை, ஸ்டீயரிங் எல்லாவற்றையும் மூடிச் சுற்றிலும் பிரஸ் பட்டனில் மாட்டிக்கொள்கிற உறை. நடுவில் ஜிப் வைத்தால், தனியாக ஓட்டுகிறவர் தன் பக்கத்தை மட்டும் திறந்துகொண்டு போகலாம்.

"வண்டில ஏற்கெனவே இருக்கற பட்டன்லதான் மாட்டணும். புதுசா ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது. அம்பது வருஷமா இருக்கற கம்பெனி பெயிண்ட் இது" என்றார் டாக்டர்.

"என்கிட்டயே இதைச் சொல்றீங்களா டாக்டர்?" என்று சிரித்தார் நூலண்ணன்.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. புதுத் துணியை வண்டிமேலேயே விரித்து, வெயிலில் சூடேறி இளகும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து இரு பக்கமும் இழுத்து, ஒவ்வொரு பட்டனும் துணியில் எங்கே முட்டுகிறது என்று சாக்பீஸால் குறிக்க வேண்டும். அரை நாள் பிடிக்கும். பழைய உறையை மேசையில் போட்டு அதன் அளவுக்கே வெட்டினால் பத்து நிமிடம். ஆனால் பழைய துணி வருடக்கணக்கில் சுருங்கியிருக்கும், அதை நம்பி வெட்டாதே என்று அடுத்தவனைக் கிழித்துத் தொங்கவிடுகிறவரே இவர்தான். அன்றைக்கு வானம் மூடிக் கிடந்தது. எவன் காத்திருப்பான்? என் கண்ணுக்குத் தெரியாத சுருக்கமா என்று ஒரு குத்துமதிப்பாகக் கொஞ்சம் கூட விட்டு, பழைய உறையை வைத்தே வெட்டித் தைத்துவிட்டார்.

மாட்டிப் பார்த்தால் எல்லாப் பட்டனும் டக் டக்கென்று மாட்டிக்கொண்டன. டிரைவர் பக்கத்துப் பின்மூலையில் மட்டும் துணி ஒரு விரற்கடை எட்டவில்லை. இழுத்தார். முழங்காலை ஊன்றி இழுத்தார். ம்ஹூம். வேறு துணி வேண்டும் என்று போய் நின்றால் முதலாளி ஏன் என்று கேட்பார். மனிதர் டிரில்லை எடுத்தார். புதுப் பட்டன் வைக்க ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, அந்தச் சிவப்புப் பெயிண்டில் ஒரே அழுத்து. அடப்பாவி மனுஷா! முனை வழுக்கி, நகத்தளவு பெயிண்டும் பெயர்ந்து வந்தது.

"இதை அந்தப் பக்கம் வை" என்று டிரில்லைப் பக்கத்து வண்டிக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்த மச்சினன் கையில் கொடுத்தார். நேரம் பார்த்து முதலாளியோடு டாக்டர் உள்ளே வந்தார். மூலையைப் பார்த்தார். மச்சினன் கையிலிருந்த டிரில்லைப் பார்த்தார்.

"யாரு இதைப் பண்ணினது?"

நூலண்ணன் குனிந்து துணி ஓரத்தை நீவினார். மச்சினன் அவரை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "கை தவறிடுச்சு டாக்டர்" என்றான்.

அன்று மதியமே முதலாளி அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் நல்ல வெயில். நூலண்ணன் புதுத் துணியை வண்டிமேல் விரித்து, முறைப்படி இழுத்துக் குறித்து, பழைய பட்டன்களிலேயே மாட்டிக் கொடுத்தார். ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் தொட்டு வைத்தார்கள். "மச்சினன் கெடுத்ததை மாமா நிமிர்த்திட்டார்" என்று பட்டறையே பேசியது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மறுநாளும் அதையே நினைத்தார். தள்ளிப்போடப் போட இன்னும் தள்ளிப்போகிற சங்கதி அது.

மூன்று வாரமாக மச்சினனுக்கு வேலை கிடைக்கவில்லை. தினமும் மத்தியானம் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. தட்டை வைக்கும்போதே அக்கா ஆரம்பித்துவிடுவாள். "பத்து வருஷம் உங்க மாமா பக்கத்துல நின்னு என்னத்தடா கத்துக்கிட்ட? அவர் மூஞ்சில கரியப் பூசிட்டியே!" அவன் குனிந்து சாப்பிடுவான். எதிரே நூலண்ணனும் குனிந்துதான் சாப்பிடுவார். சோறு தொண்டையில் இறங்காது, ஆனாலும் சாப்பிடுவார்.

கடைசியில் அவளே அலைந்து, பெரியப்பா மகனுடைய கிடங்கில் மூட்டை இறக்கும் வேலை பிடித்துக் கொடுத்தாள். பஸ்ஸில் ஒரு நாள் முழுக்கப் போக வேண்டிய ஊர். பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியாகப் போக வேண்டும். போவதற்கு முந்தின நாள் சாப்பாட்டின்போது நூலண்ணனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அந்த ஓட்டையை நான்தான் போட்டேன்" என்றார்.

அவள் கரண்டியோடு நின்றாள். "என்னடா சொல்றாரு?"

மச்சினன் தலையை நிமிர்த்தவில்லை. "மாமா சும்மா சொல்றாருக்கா. என்னைப் போகவிடாம நிறுத்தப் பாக்கறாரு."

"பாத்தியா!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உனக்காகப் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறாருடா மனுஷன். நீ இருக்கியே!" என்று சொல்லிப் புருஷன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

நூலண்ணன் அந்தச் சோற்றைப் பிசைந்தார். நாம் சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு என்று நெஞ்சுக்குள் ஓர் ஓரத்தில் அப்பாடா என்றிருந்தது. கண்றாவி, அந்த நிம்மதியில் அன்றைக்குச் சோறு நன்றாகவே இறங்கியது.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்கு மூவரும் போனார்கள். அக்கா தண்ணீர் பாட்டில் வாங்கப் போனபோது, மச்சினன் ஜன்னலிலிருந்து குனிந்தான்.

"மாமா, நேத்து அக்கா முன்னாடி உங்க மூஞ்சி போன போக்கைப் பாக்க முடியல. அதான் இல்லன்னு சொன்னேன்." சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். "ஆனா, இன்னொரு தடவ சொல்லுவீங்கன்னு நெனச்சேன் மாமா."

அதற்குள் அக்கா ஓடிவந்து பாட்டிலைக் கொடுத்தாள். பஸ் நகர்ந்தது. அவன் அக்காவுக்கு மட்டும் கையசைத்தான்.

"என்னங்க சொன்னான்?" என்று கேட்டாள் அவள்.

"ஓட்டையை நான்தான் போட்டேன். பழைய துணிய வெச்சு வெட்டினேன், துணி எட்டல, போட்டுட்டேன். அவன் கையில டிரில்லக் குடுத்ததும் நான்தான்."

இந்தத் தடவை அவள் நம்பினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை.

"மூணு வாரமா தட்டு முன்னாடி உக்கார வெச்சு அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேனே," என்றாள். "நீங்க எதிர்லயேதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா" என்றார்.