அம்மாவின் கத்தரியும் பக்கத்துச் சாமந்தியும்

என் அம்மாவின் கை சும்மா இருக்காது. பியூட்டி பார்லரில் முடி வெட்டியே இருபது வருஷத்தை ஓட்டியவள். பஸ்ஸில் முன் சீட்டுக்காரியின் பின்னல் நுனி பிளந்திருந்தால் இவளுக்கு விரல் அரிக்கும். கைப்பையில் வீட்டுச் சாவி இருக்கிறதோ இல்லையோ, கத்தரி இருக்கும்.

வருஷா வருஷம் மலர்க் கண்காட்சிக்கு டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்த்துவிட்டு வருவோம். இந்த வருஷம் போட்டிக்கே செடி வைத்துவிட்டாள். கழுத்தில் 'போட்டியாளர்' என்ற அட்டை, மடியில் மஞ்சள் சாமந்தித் தொட்டி. டாக்ஸி ஒவ்வொரு மேட்டில் ஏறும்போதும், "மெதுவாப் போங்க தம்பி, வயித்துப் பிள்ளக்காரி வர்றா" என்றாள். டிரைவர் திரும்பி என் வயிற்றைப் பார்த்தார். "மொட்டு இருக்கே, அதச் சொன்னேன்" என்றாள் அம்மா.

கண்காட்சி மண்டபம் மைதானம் போல விரிந்து கிடந்தது. ரோஜா மட்டும் நானூறு வகை. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "இங்க பாருடி! ஐயோ, இங்க பாரேன்!" எதைப் பார்ப்பதென்று தெரியாமல் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

சாமந்தி மேசையில் முப்பது தொட்டிகள். பூ, இலை, வடிவம், மூன்றுக்கும் தலா பத்து மதிப்பெண். பத்தரைக்கு மணி அடிக்கும்வரை அவரவர் செடியைச் சரிசெய்யலாம். அடுத்தவர் செடியைத் தொட்டால், தொட்டவரையும் அந்தச் செடியையும் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அம்மாவுக்கு முதல் பரிசு வேண்டும். இரண்டாவது, ஆறுதல் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

பக்கத்துத் தொட்டி, தொப்பி போட்ட ஒரு பெரியவருடையது. ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவராம். உருண்டையாக, கண்ணுக்கு நிறைவான செடி. உச்சியில் மட்டும் ஒரு கிளை நட்டுக்கொண்டு நின்றது. அவர் டீ குடிக்கப் போனார். மணியடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது என் காதருகே 'சரக்' என்று கேட்டது.

"அம்மா! என்ன பண்ணின?"

அம்மா கையிலிருந்த கிளையைப் பார்த்தாள். கத்தரியைப் பார்த்தாள். "கை தானாப் போயிடுச்சுடி. கண்ண உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

கிளை கைப்பைக்குள் போனது. மணி அடித்தது. எங்களைக் கயிற்றுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். யாராவது பார்த்துவிட்டார்களா என்று நான் சுற்றிலும் பார்த்தேன். அம்மாவின் கவலையோ வேறு. "அந்தச் செடி இப்ப எவ்வளவு அம்சமா இருக்கு பாத்தியா?" என்று முனகினாள்.

முதல் பரிசு ரயில்காரருக்கு. இரண்டாவது அம்மாவுக்கு. ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசம்.

பரிசுக் கோப்பையைக் கட்டிக்கொண்டு நின்றவரிடம் அம்மா நேராகப் போனாள். நான் கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. கைப்பையைத் திறந்து கிளையை நீட்டினாள். "மன்னிச்சிடுங்க சார். உங்க செடியில இத நான்தான் வெட்டினேன்."

அவர் கிளையைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். தலை பளபளவென்றிருந்தது. "எனக்குத்தான் உச்சியில ஒண்ணும் நிக்கல, செடிக்காவது நிக்கட்டுமேன்னு விட்டு வச்சேம்மா" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "ஏழு வருஷமா வர்றேன். வடிவத்துக்கு எனக்கு எட்டுக்கு மேல யாரும் போட்டதே இல்ல. இத நான் நடுவருங்க கிட்டச் சொல்லாம இருக்க முடியாதேம்மா."

"சொன்னா ரெண்டு பேர் பரிசும் போயிடும் சார்" என்றேன் நான்.

"போகட்டும்" என்றாள் அம்மா. "ஆனா அதுக்கு முன்னாடி உங்க மார்க் அட்டைய ஒரு தடவ காட்டுங்க."

பூ ஒன்பது. இலை எட்டு. வடிவம் பத்து. எங்கள் செடிக்கு வடிவத்தில் ஒன்பதுதான். அம்மா அந்தப் பத்தின் மேல் விரலை வைத்தாள், எடுக்கவே இல்லை. கண் கலங்கியிருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

"இருபது வருஷமா வெட்டறேன். கண்ணாடியப் பாத்துட்டு 'பரவாயில்ல'ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. இன்னிக்குத்தாண்டி எனக்குப் பத்துக்குப் பத்து!"

அட்டையை ரயில்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்பப் போய்ச் சொல்லுங்க சார். யார் வெட்டினதுன்னும் மறக்காமச் சொல்லுங்க."