வேதா அத்தையின் வெள்ளைச் சுவர்

தென்காசியில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வேதா அத்தைதான் ராஜா, மந்திரி, காவல்காரன் எல்லாம். அப்பாவுக்கு அக்கா. பதினான்கு வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள், வந்த மறுநாளே கரண்டியைப் பிடித்தாளாம். எனக்கு விவரம் தெரிந்தபோது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஒல்லியான உடம்பு, வெடுக்கென்ற பேச்சு. கொதிக்கிற சத்தத்தை வைத்தே பருப்பு வெந்துவிட்டதா என்று சொல்லிவிடுவாள். அதை நம்பாமல் மூடியைத் திறந்து பார்ப்பவர்களுக்கு அன்றைக்கு நெய் குறைவாகத்தான் விழும்.

1937-ம் வருஷத்து ஆனியில் ஒரு காலை, அத்தை சாதப்பானையை அடுப்பின் விளிம்பில் பாதி வெளியே இருக்கும்படி வைத்தாள். பானை சரிந்து கஞ்சி முழுவதும் அடுப்பில் கொட்டியது. அப்பா எட்டிப் பார்ப்பதற்குள், "நான்தான் முழங்கையால இடிச்சுட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அம்மாவின் பெயர் பிருஹதாம்பாள். அவள் சில நாட்களாகவே கவனித்துக்கொண்டிருந்தாள். அத்தை பானையை வைக்குமுன் உள்ளங்கையை நீட்டிச் சூடு எங்கே இருக்கிறது என்று தேடினாள். இடது மணிக்கட்டில் ஒரு தீப்புண். கேட்டால் கொசு கடித்தது என்றாள். கண்ணில் புரை. அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரோ முப்பது வருஷப் புகையில் கன்னங்கரேல் என்று கிடந்தது. கரிச்சுவர், கரிப்பானை, கரியடுப்பு. நல்ல கண்ணுக்கே அங்கே ஒன்றும் தெரியாது.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அப்பாவுக்கு ஒரு பழைய யோசனை உண்டு. யாராவது இரண்டு தடவை இருமினால் போதும், "கல்லிடைக்குறிச்சியிலேர்ந்து ஒரு சமையல்காரனைக் கூட்டிண்டு வந்துடறேன்" என்பார். நல்ல எண்ணம்தான். அத்தைக்கு அது இடி. நகை கிடையாது, பிள்ளை கிடையாது, கோவிலைத் தவிர வெளியே போகவும் இடமில்லை. அந்தக் கரண்டியை வாங்கிவிட்டால் அவள் யார்? தம்பி வீட்டில் மூலையில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு விதவை. இது அம்மாவுக்குத் தெரிந்தது. அத்தையின் பயம் முழுவதும் இதுதான்.

குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்குக் குளியலறை கட்டிய மிச்சமாகக் கொஞ்சம் பீங்கான் ஓடுகள் கொத்தனார் வல்லிநாயகத்திடம் கிடந்தன. வழவழவென்று, கையகலச் சதுரங்கள். அம்மா அவரைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, அடுப்புக்குப் பின்னால் பதிக்க வேண்டும் என்றாள். பூப்போட்டதும் இருக்கிறது என்றார் அவர். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"வெறும் வெள்ளை போதும்."

பூ வேண்டாம், வெள்ளை போதும் என்றதிலேயே வல்லிநாயகத்துக்குப் புரிந்துவிட்டது. "யாருக்கும்மா கண்ணு சரியில்ல?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு அது போதும்.

"அப்போ ஒண்ணு செய்யுங்க. நீல ஓடு ஆறேழு கிடக்கு. அடுப்பு முடியுத இடத்துக்கு நேரா, கீழேயிருந்து மேல ஒரே வரிசையா வைங்க. நீலத்துக்கு இங்கன நெருப்பு, அங்கன வெறும் மேடை. மங்கலாத் தெரிஞ்சாலும் புரிஞ்சிரும்."

"வைங்க" என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவர் உள்ளே வர முடியாது. எங்கள் வீட்டைக் கட்டியது அவருடைய அப்பா. சாரலுக்கு ஒழுகாமல் கூரையைப் பார்த்துக்கொண்டது இவர். ஆனால் சமையலறைக்குள் வெளி ஜாதிக்காரர் கால் வைத்தால் தீட்டு. இந்த நியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் அதை ஒரு பேச்சாகவே எடுக்கவில்லை. அவர் கொல்லை ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டியது, அம்மாவும் அத்தையும் உள்ளே செய்ய வேண்டியது என்று ஏற்பாடு.

அப்பா சிரிசிரி என்று சிரித்தார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்ததால் வீட்டிலும் அவர்தான் தீர்ப்புச் சொல்வார். "எங்காத்து மகாராணிக்குப் பங்களா ஆசை வந்துடுத்து. நாளைக்குக் கட்டிலையும் அடுப்பங்கரையிலயே போடச் சொல்லுவா." அம்மா அந்தப் பெயரை வாங்கிக்கொண்டாள். ஆமாம், ஆசைதான் என்றாள்.

ஆடி பிறந்து சாரல் பிடித்துக்கொண்ட நேரம் அது. மலை முழுவதும் மேகம், துணி உலராது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். ஓடுகளை ஒரு பகல் முழுவதும் ஊறப் போட்டு எடுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் வல்லிநாயகம். அம்மா முற்றத்தைப் பார்த்தாள். அடுக்கி வைத்த ஓடுகள் மூன்று நாளாகச் சாரலில் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தன. ஊரே ஊறிக் கிடக்கும்போது ஓடுகளை மட்டும் தனியாக ஊறப் போடுவானேன் என்று நினைத்துவிட்டாள். இப்படி ஒரு தப்பு குற்றாலத்துக் காற்றுப் படுகிற ஊர்க்காரர்களுக்குத்தான் வரும்.

பதிக்கிற வேலை இரண்டு நாள் நடந்தது. கரிச்சுவரைக் கொத்திச் சுரண்டி, சுண்ணாம்பும் சிமிட்டியும் கலந்து காரை குழைத்து, ஜன்னலிலிருந்து வருகிற குரல்படி ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். முதல் வரிசையிலேயே ஒரு விஷயம் தெரிந்துபோயிற்று. அம்மாவின் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த ஓடு ஒன்றை அத்தை உள்ளங்கையால் தடவி, "இது மூக்கை நீட்டிண்டிருக்கு" என்றாள். வல்லிநாயகம் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை ஜன்னல் கம்பி வழியாகக் கொடுத்தார். வைத்துப் பார்த்தால், அத்தை சொன்னதுதான் சரி.

"பெரியம்மா கை சொன்னாப் போதும். நீங்க ரசமட்டத்தைத் திருப்பித் தாங்கம்மா" என்றார் அவர்.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் நெய் தாராளமாக விழுந்தது.

மூன்று நாள் பக்கத்து வீட்டில் சமைத்துவிட்டு, நான்காம் நாள் அடுப்பை மூட்டினார்கள். சாம்பார் கொதிக்க ஆரம்பித்ததும் டப்பென்று ஒரு சத்தம். நடு வரிசையில் ஒரு ஓடு கழன்று நேராகச் சாம்பாருக்குள் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. சாப்பாட்டு நேரத்துக்குள் பதினோரு ஓடுகள் தரைக்கு வந்துவிட்டன.

சேதி கேட்டு வந்த வல்லிநாயகம், விழுந்த ஓடு ஒன்றை ஜன்னல் வழியாக வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஊறப் போட்டியளாம்மா?"

"மூணு நாளா சாரல்லதானே கிடந்துது."

"சாரல் முகத்தைத்தான் நனைக்கும். வழவழப்பு உள்ள பக்கம் ஒரு சொட்டு இறங்காது. முதுகு தாகமா இருந்தா, காரையில உள்ள தண்ணியப் பூரா அதுவே குடிச்சிரும். பொறவு காரை எப்படிப் பிடிக்கும்?"

அப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இலையில் சாம்பார் இல்லை. அவருக்குப் பசி வந்தால் நாக்கில் ஈரம் இருக்காது.

"போறும். எல்லாத்தையும் பேத்து எறியச் சொல்லு. வீட்டுல நாலு பேருக்குச் சோறு போட வக்கில்லே, சுவருக்குப் பவுடர் பூச வந்துட்டா. இருபது வருஷம் குடித்தனம் பண்ணியும் புத்தி வரலை. பகட்டுப் பிடிச்ச ஜன்மம்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு ரசத்தை எடுக்கத் திரும்பினாள். சமையலறை வாசலில் அத்தை நின்றாள். முகம் வெளுத்திருந்தது. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சு அதோடு போயிருக்கும்.

"கல்யாணம்" என்றாள். அப்பாவின் பெயர் கல்யாணராமன். அப்படிக் கூப்பிட ஊரில் அவள் ஒருத்திதான் உண்டு. "அவளைத் திட்டாதேடா. அந்தச் சுவர் நேக்காக."

"உனக்கா? உனக்கு எதுக்கு?"

"நேக்குக் கண்ணு தெரியலை. ஒரு வருஷமாச்சு. அன்னிக்குக் கஞ்சியைக் கொட்டினதும் நான்தான். பின்னால வெள்ளையா இருந்தா பானை எங்கே இருக்குன்னு தெரியும்னு அவ யோசிச்சா. என்கிட்டக்கூடச் சொல்லலை, நானாத் தெரிஞ்சுண்டேன். நீ பேசற பேச்செல்லாம் எனக்காகத்தான் வாங்கிண்டா." அடுப்பின் பக்கம் கையைக் காட்டினாள். "சமையல்காரனை வேணும்னாக் கூப்பிட்டுக்கோ. அவளைப் பகட்டுன்னு சொல்லாதே."

முப்பது வருஷமாகக் கட்டிக் காத்த இடத்தை அத்தை அந்த ஒரு வாய்ச்சொல்லில் கொடுத்துவிட்டாள். அம்மா அழுதுவிட்டாள். அப்பா இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை கல்யாணச் சமையலுக்கு எடுக்கிற பெரிய அண்டாவை அப்பாவே முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தார். கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பினார். சுவரில் மிச்சம் இருந்த ஓடுகளையும் கழற்றச் சொல்லி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அண்டாவில் இறக்கினார். ஓடுகளின் முதுகிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பொழுது சாயும்போது, "சத்தம் நின்னுடுத்து, குடிச்சு முடிச்சுட்டது" என்றாள்.

மறுபடியும் ஜன்னலில் வல்லிநாயகம், உள்ளே அம்மாவும் அத்தையும். அப்பா ஓடுகளைத் துடைத்து எடுத்துக் கொடுத்தார். அவர் மனம் இளகியது உண்மை. அந்த ஜன்னல் வரைக்கும்தான் இளகியது. வல்லிநாயகத்தை உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. அந்தக் குறை எனக்கு இருக்கிறது. நீல வரிசை முடிந்ததும் அத்தை அதை மேலிருந்து கீழே ஒருமுறை தடவினாள். ஜன்னலுக்கு வெளியே நின்றவர், "சரியா இருக்கு பெரியம்மா" என்றார்.

காரை இறுகட்டும் என்று எட்டு நாள் விட்டார்கள். சமையலை மறுபடி பக்கத்து வீட்டில் அம்மா பார்த்துக்கொண்டாள். அந்த எட்டு நாளும் சமையல்காரனைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. அத்தை கேட்கவும் இல்லை. இரவும் பகலும் ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் அடுப்பு எரிந்தது. வெள்ளைச் சுவரில் தீயின் வெளிச்சம் பட்டு, பானையின் கறுப்பு வயிறு தனியாகத் தெரிந்தது. ஒரு ஓடும் அசையவில்லை. அத்தை ஒரு தடவைகூடக் கையை நீட்டிச் சூட்டைத் தேடவில்லை. அப்பா இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். பரிமாறிவிட்டு அத்தை கதவோரம் நின்றாள். அப்பா ரசத்தைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு எப்போதும்போல முகத்தைச் சுளித்தார்.

"அக்கா, ரசத்துல உப்பு கம்மி. நாளைக்குச் சரியாப் போடு."

அத்தை, நாளைக்குச் சரியாகப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் இலையில் விழ வேண்டிய நெய்யை எடுத்துவர அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.