தண்ணீர்மலையில் ஒருவருக்கான குடில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து காபி போடப் போய்விடுகிற ஆள் நான். என் பிழைப்பு அப்படி. பினாங்கில் அரசாங்க அலுவலகத்தில் கட்டடங்களுக்குப் பிளான் போடுகிறவன். எந்த மரச்சட்டம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துப் பார்த்தே காலம் தள்ளியவனிடம், உடம்பே இல்லாத ஒன்று நடமாடுகிறது என்று சொன்னால் எப்படி ஏறும்? நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். சிரித்துவிட்டே கேளுங்கள்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவைத்திருந்த காலம். அவன் போட்ட முதல் குண்டிலேயே என் மனைவி சரஸ்வதி போய்விட்டாள். அன்றைக்கு ஜார்ஜ் டவுனில் எல்லோரும் விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்றார்கள், சந்தைக்குப் போயிருந்த அவளும் நின்றாள், அவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பகலில் அலுவலகத்தில் ஜப்பானியனுக்குக் குனிந்து வணக்கம் போடுவேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்பேன். பேச ஆளில்லை. சில நாள் என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன்.

தியானம் அவளுடைய பழக்கம். தெருச் சத்தத்துக்கு நடுவே கூடத்து மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள், "ஊருக்கெல்லாம் வீடு வரையிறீங்க, எனக்கு ஒரு ஆள் உக்கார்ற அளவுக்கு மரத்துக்கு நடுவுல ஒரு குடில் வரைஞ்சு குடுங்களேன்" என்றாள். ஏன் ஒரு ஆளுக்கு மட்டும் என்று கேட்டேன். "நீங்க உக்காந்தா கொறட்ட விடுவீங்க" என்றாள். நானும் சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

அவள் போன பிறகு அந்தக் குடிலைத்தான் வரைந்தேன். வேறு எதுவும் வரைய மனம் வரவில்லை. ஊரை ஒட்டிய தண்ணீர்மலைச் சரிவில் ஒரு பழத்தோட்டம் இருந்தது. அதன் வெள்ளைக்கார முதலாளி ஓடிப்போய்விட்டதால் முனியாண்டி அண்ணன் என்ற காவல்காரர்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனிக்கட்டை. அவரிடம் கேட்டேன், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஓடைக்கு மேலே இடம் காட்டினார்.

நிற்கிற மரம் எதிலும் கை வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ரயிலுக்கு விறகென்று ஜப்பான்காரன் வெட்டித் தள்ளியது போதாதா? காற்றில் விழுந்து கிடந்தவைதான் கால்களும் சட்டங்களும். நிபோங் பனையைப் பிளந்து வரிச்சுகளாக்கித் தரை போட்டோம், கூரைக்கு அத்தாப்பு ஓலை. ஆணி கண்ணில் காணக் கிடைக்காத காலம், எல்லாவற்றையும் பிரம்பால் கட்டினோம். மழைத் தண்ணீர் அடியில் ஓடிப்போகத் தரையை உயர்த்தி, பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கத்தைத் திறந்தே விட்டேன். ஒருநாள் யாருக்கும் வேண்டாம் என்றால் அப்படியே மண்ணோடு போய்விட வேண்டும், அதுதான் என் கணக்கு. ஒருவர் உட்கார முன்பாதி. அதன் அடியில் கல் வைத்து நல்ல முட்டு கொடுத்தேன். பின்பாதி குடை, செருப்பு வைக்கத்தானே என்று மெல்லிய சட்டத்தோடு விட்டுவிட்டேன்.

தினமும் வேலை முடிந்ததும் போவேன், இருட்டுவதற்குள் இறங்கிவிடுவேன். தியானமாவது ஒன்றாவது, சும்மா கண்ணை மூடிக்கொண்டு அழுவேன். ஒரு சாயங்காலம், மழை விட்டு ஓலை சொட்டிக்கொண்டிருந்தது, எனக்குப் பின்னால் வரிச்சு லேசாக முனகியது. கொஞ்சம் பொறுத்துப் பெரிதாக ஒரு முனகல். பெஞ்சின் மறுகோடியில் யாராவது உட்கார்ந்தால் நமக்குத் தெரியுமே, அப்படி எனக்கு அடியில் தரை அசைந்து கொடுத்தது. நம்பினால் நம்புங்கள், என் மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. ஆனால் பயத்தால் இல்லை. சரஸ்வதிக்கு முழங்கால் வலி. முதலில் கையை ஊன்றி, பிறகுதான் உட்காருவாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். திரும்பாதவரை அவள் இருந்தாள்.

அதற்குப் பிறகு அநேகமாகத் தினமும் அந்தச் சத்தம் வந்தது. முதலில் கை, பிறகு உடம்பு. நான் அலுவலகக் கதையை, அரிசி கிடைக்காத கதையை எல்லாம் வாய்விட்டுச் சொல்வேன். பதில் வராது. எனக்கு அது வேண்டியிருக்கவும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பசி எடுக்க ஆரம்பித்தது, தூக்கம் வந்தது. நான் உயிரோடிருந்தது அந்தச் சத்தத்தால்தான், இதை யார் வேண்டுமானாலும் கேலி செய்யட்டும்.

ஒருநாள் முனியாண்டி அண்ணன் குடிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அலுவலகத்தில் பேனா பிடிக்கிறவன் எல்லாம் அவருக்குக் கிராணியார்தான். "கிராணியாரே, பின்பக்கச் சட்டம் கீறிருக்கு. யாரு அங்க உக்கார்றது? நீங்க ஒத்தையாத்தானே வர்றீங்க?"

ஆமாம் என்றேன். குனிந்து பார்த்தேன். சட்டம் மேலிருந்து அழுத்தப்பட்டு நடுவில் வாய் பிளந்திருந்தது. எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? ஐயோ, இவள் விழுந்துவிடுவாளே. செத்தவள் விழுந்து அடிபடுவாளோ என்று பதறினேன். அங்கேயே ஒரு தட்டைக் கல்லைப் புதைத்து, அதன்மேல் விழுந்து கிடந்த டுரியான் மரத்தின் துண்டை நிறுத்தி, பின்பக்கத்துக்கும் முட்டு கொடுத்தேன். பாதித் தண்ணீர் ஊற்றிய புட்டியைத் தரையில் படுக்கவைத்து மட்டம் பார்த்தேன். அப்பழுக்கில்லாத வேலை.

மறுநாள் சத்தம் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தரை அசையவே இல்லை, எப்படி அசையும், அசையாதபடிதானே செய்துவைத்தேன். அவள் வந்து உட்கார்ந்தாளா, வரவில்லையா, தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. நான் பேசிய பேச்சு எனக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

முனியாண்டி அண்ணனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த முட்டுக்கட்டைய எடுத்துப் பாத்துடலாமா?" என்றார்.

"வேணாண்ணே. எடுத்த பெறகும் சத்தம் வரலன்னா நான் என்ன செய்வேன்?" என்றேன்.

கடைசியாக ஒருமுறை புட்டியை வைத்துப் பார்த்தேன். நீர் ஆடாமல் இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக நின்றது. போய்விட்டாள் என்று முடிவுகட்டினேன். அதோடு மலைக்குப் போவதை விட்டுவிட்டேன், பழையபடி கிழங்கும் நானும் ஊமை வீடும்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகுதான் மறுபடி ஏறினேன். ஓலை பாதி உதிர்ந்து, கொடி ஏறியிருந்தது. அண்ணனும் கூட வந்தார். தரை பின்பக்கம் சாய்ந்திருந்தது. குனிந்தேன். முன்பாதியில் எனக்குக் கொடுத்த முட்டு வைத்தது வைத்தபடி நின்றது. அவளுக்குக் கொடுத்த பின்பக்க முட்டு, அடிக்கல்லோடு சேர்ந்து, ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அங்கே யாரையாவது தங்கவிட்டீர்களா, ஏதாவது மூட்டை வைத்தீர்களா என்று அண்ணனிடம் கேட்டேன். சத்தியமாக இல்லை என்றார்.

"மழையில மண்ணு இளகிருக்கும்லா, கிராணியாரே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே மண்ணில்தான் நின்றன, ஒரே மழைதான் பெய்தது. நான் விட்டுவிட்டு வந்த அன்று தரை மட்டமாக இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். அவ்வளவு ஆழம் இறங்கியதெல்லாம் நான் போகாத நாட்களில்தான்.