அம்மன் சொன்ன லேப்டாப்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மிளகு பறிப்பு முடிந்த மாசி மாதத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் கொல்லிமலையில் பைல் நாடு என்கிற பகுதியில் இருக்கிறது. நான் ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் போனவள். வெளியாட்களிடம் பேசுவது என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூச்சம். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் வாங்கக்கூட பக்கத்தில் இருப்பவர் கையில் காசைக் கொடுத்து, கண்ணாலேயே கேட்டுக்கொள்வேன். அப்படிப்பட்ட நான், நாமக்கல்லில் ஒரு பெரிய கடையில் அத்தனை பேர் நடுவில் பேச வேண்டி வந்துவிட்டது.

என் மருமகள் பி.காம். படித்தவள். சேலத்தில் இருக்கும் ஒரு ஆபீசுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். ஆஸ்பத்திரி பில்லில் இருக்கிற எண்களையெல்லாம் பார்த்துப் பார்த்து லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். அவள் வைத்திருந்தது காலேஜில் படித்தபோது வாங்கியது. அதைத் தட்டிவிட்டு அடுப்பில் உலை வைத்தால், சோறு வெந்த பிறகுதான் அது கண்ணைத் திறக்கும். அதோடுதான் இத்தனை நாள் ஓட்டினாள். ஆபீசில் புதிதாக ஏதோ மாற்றினார்கள். அது இந்தப் பழையதில் ஏறமாட்டேன் என்றுவிட்டது. திங்கட்கிழமைக்குள் புது லேப்டாப் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சேலத்துக்கு வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பேத்திக்கு அப்போது மூன்று வயது. அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் தூங்காது. மருமகள் சேலத்துக்குப் போக முடியாது. போகாவிட்டால் வேலை போய்விடும். அவள் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மாடு கறக்கப் போனவள் கறவைச் செம்பை எடுக்காமலேயே தொழுவத்தில் போய் நின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்த்து எனக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது.

புதுசு வாங்குவதில் யாருக்கும் தகராறு இல்லை. எந்தக் கம்பெனி என்பதில்தான் வீடு இரண்டு பட்டது. கம்பெனிகளின் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றை உசத்தி, இன்னொன்றைத் தாழ்த்தி எழுதிய மாதிரி ஆகிவிடும். மகன் சொன்னது, கொழுந்தனார் சொன்னது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் போர் போடும் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறான். பாதி நாள் வடக்கேதான் இருப்பான். அவனுடைய முதலாளி மகன் ஒரு லேப்டாப் வைத்திருக்கிறானாம். இவனுக்கு அதன் மேல் ஆசை. "அம்மா, காயிதமாட்டம் இருக்குமுங்க. ஒத்தை விரல்ல தூக்கலாம்" என்று போனில் சொன்னான்.

என் வீட்டுக்காரர் போன பிறகு குடும்பத்தில் பெரிய ஆண்பிள்ளை என் கொழுந்தனார்தான். அவர் லேப்டாப்பைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் காளப்பநாயக்கன்பட்டியில் பேங்க்குக்குப் போகும்போதெல்லாம் அங்கே மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர்களில் எழுதியிருக்கும் கம்பெனிப் பேரைப் பார்த்துவிட்டு வருவார்.

"எல்லா மேசைலயும் அதுதான் உக்காந்துருக்குதுங்க அண்ணி. அத்தனை பேர் காசையும் அதை நம்பித்தானே விட்டுருக்கறாங்க?" என்றார்.

"சித்தப்பா, அது கம்ப்யூட்டருங்க. இது லேப்டாப்" என்று போனிலிருந்து மகன் கத்தினான்.

"பேரு ஒண்ணுதானடா? மோட்டார் வாங்கறப்பவும் இப்படித்தான் என் பேச்சைக் கேக்கல. இப்பப் பாரு, கிணத்துக்குள்ள குளிச்சுக்கிட்டுக் கிடக்குது உன்ற மோட்டாரு."

இப்படியே நாள் ஓடியது. மருமகளைப் பார்த்தால், "எனக்கு எதுன்னாலும் சரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். புருஷன் பக்கம் பேசினால் சின்ன மாமனாருக்குக் கோபம், சின்ன மாமனார் பக்கம் பேசினால் புருஷனுக்குக் கோபம். அவள்தான் என்ன செய்வாள்?

அப்போது நான்தான் மெல்லச் சொன்னேன், "அம்மன்கிட்டப் பூப்போட்டுக் கேட்டுட்டா என்னுங்க?"

எங்கள் பக்கத்தில் கல்யாணம், கிணறு, நிலம் எதுவானாலும் இரண்டு மனசாக இருந்தால் கோயிலில் பூப்போட்டுப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்துக் குலுக்கி அம்மன் காலடியில் வைப்பார்கள். குழந்தை கையால் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூதான் அம்மன் வாக்கு. அதற்கு மேல் யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது. மகனும் கொழுந்தனாரும் உடனே சரி என்றார்கள். அம்மன் தன் பக்கம்தான் என்று இரண்டு பேருக்கும் நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். பூசாரி விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "கல்யாணத்துக்குக் கேட்டுருக்கறேன். மாடு வாங்கக் கேட்டுருக்கறேன். லேப்டாப்புக்கு இப்பத்தானுங்க கேக்கறேன்" என்றார். பிறகு அம்மன் பக்கம் திரும்பி, "தாயே, உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு" என்று கற்பூரத்தைக் காட்டினார்.

மகன் சொன்னதற்கு வெள்ளை, கொழுந்தனார் சொன்னதற்குச் சிவப்பு என்று வைத்திருந்தோம். பேத்தி இரண்டு மடிப்பையுமே எடுக்கப் பார்த்தாள். கையைப் பிடித்து ஒன்றை விடச் சொன்னோம். பிரித்தால் வெள்ளைப் பூ. கொழுந்தனார் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மன் சொன்னதுக்கு அப்பீல் இல்லீங்க" என்றுவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. பேத்தியைக் கொழுந்தனார் மனைவியிடம் விட்டுவிட்டு நான், மருமகள், கொழுந்தனார் மூன்று பேரும் பஸ்ஸில் மலை இறங்கினோம். துணைக்கு நான் வந்தே தீர வேண்டும் என்று மருமகள் பிடிவாதம். நாமக்கல் கடையில் சுவர் முழுக்க லேப்டாப்புகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. உள்ளே மலையைவிடக் குளிர். நான் தூண் ஓரமாக நின்றுகொண்டேன்.

கடையில் வேலை செய்யும் பெண் மகன் சொன்ன லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். நிஜமாகவே காகிதம் மாதிரிதான் இருந்தது. மகன் வீடியோ காலில் வந்து, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று குதித்தான்.

"டைப் பண்ணிப் பாருங்க மேடம்" என்றாள் அந்தப் பெண்.

மருமகள் உட்கார்ந்து விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் தட்டினாள். திடீரென்று அவள் வலது கை மட்டும் லேப்டாப்பை விட்டு வெளியே போய், பக்கத்தில் இருந்த வெறும் கண்ணாடி மேஜையில் டக் டக்கென்று தட்டியது. அவளுக்கே தெரிந்துவிட்டது போல. சட்டென்று கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நல்லா இருக்குதுங்க. பழகிக்கலாம்" என்று சிரித்தாள்.

எனக்கு அந்தக் கையைத் தெரியும். வீட்டில் அவள் எதிரில் உட்கார்ந்துதான் நான் மிளகு உதிர்ப்பேன். அவளுடைய பழைய லேப்டாப்பில் வலது ஓரத்தில் எண்கள் மட்டும் தனியாக ஒரு கட்டாக இருக்கும். இடது கையால் பில்லைத் தள்ளிக்கொண்டே வலது கையால் அதைப் பார்க்காமலே தட்டுவாள். மழை பிடித்த மாதிரி சத்தம் வரும். நாள் முழுக்க அவளுக்கு வேலையே அந்த எண்களில்தான். இந்தப் புதியதில் அந்த இடமே இல்லை. மேலே ஒரு வரிசையில் எண்கள் இருந்தன, அவ்வளவுதான்.

மகன் "பில் போடச் சொல்லுங்க" என்கிறான். அந்தப் பெண்ணும் கம்ப்யூட்டர் பக்கம் போகிறாள். யாராவது சொல்வார்களா என்று பார்த்தேன். கொழுந்தனார் கடையில் கொடுத்த ஜூஸைக் குடித்துக்கொண்டிருந்தார். எப்படித்தான் நடந்தேனோ, போய் அந்தப் பெண் பக்கத்தில் நின்று, "ஏனுங்க கண்ணு, ஓரத்துல நம்பர் இருக்கறது வேணுமுங்க" என்றேன்.

"என்னங்கம்மா? கேக்கலீங்க" என்றாள் அவள்.

இரண்டாவது தடவை சொல்லும்போது சத்தம் என் கையை மீறிப் போய்விட்டது. "இவளுக்கு ஓரத்துல நம்பர் வேணுமுங்க!" கடையே திரும்பிப் பார்த்தது. டி.வி. வாங்க வந்தவர்கள்கூடப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். மகன் சொன்ன கம்பெனியிலும் எண் கட்டு வைத்தது உண்டாம், ஆனால் அடுத்த வாரம்தான் வருமாம். எங்களுக்கோ திங்கட்கிழமைக்குள் வேண்டும். கொழுந்தனார் சொன்ன கம்பெனியில் ஒன்றைக் கொண்டுவந்தாள். கொழுந்தனார் ஜூஸை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அதில் எண்கள் இருந்தன, ஆனால் நெருக்கி நெருக்கி வைத்திருந்ததால் மருமகளின் விரல் ஒன்றைத் தட்டினால் இரண்டில் பட்டது. மூன்றாவதாக ஒன்றை வைத்தாள். அந்தக் கம்பெனிப் பேரை நாங்கள் யாரும் பேசியதே இல்லை. மருமகள் கை வைத்தாள். வீட்டில் கேட்கும் அதே மழைச் சத்தம்! ஆபீசில் கேட்டிருந்ததெல்லாம் அதில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் இருந்தது. ரிப்பேர் பார்க்கும் இடமும் நாமக்கல்லிலேயே இருந்தது.

ஆனால் கையை எடுத்துவிட்டு என் காதோடு, "வேண்டாமுங்க அத்தை. சாமி குத்தம் ஆயிருமுங்க" என்றாள்.

கொழுந்தனாரும் "அம்மன் வாக்கை மீறறதாங்க அண்ணி?" என்றார். போனில் மகன், "யாரும்மா அந்தக் கம்பெனியெல்லாம் வாங்கறாங்க?" என்றான். இதுவரை சண்டை போட்ட இரண்டு பேரும் அந்த நிமிஷத்தில் ஒன்றாகிவிட்டார்கள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தப் பேச்சு! "அம்மன்கிட்ட உங்க ரெண்டு பேர்த்துல ஆரு சொல்றது சரின்னுதானுங்க கேட்டோம். இவளுக்கு எது வேணும்னு நாம அம்மனைக் கேக்கவே இல்லையே. இவளையும் கேக்கல. சாமி குத்தம்னு எதாச்சும் வந்தா நான் பேசிக்கறேன்." என்றேன். மருமகள் பக்கம் திரும்பி, "நீ சொல்லு சாமி, உனக்கு எதுடா வேணும்?" என்று கேட்டேன்.

மருமகள் என்னையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. பிறகு மூன்றாவதின் மேல் கையை வைத்து, "இதுங்க அத்தை" என்றாள். ஒரு மூச்சு விட்டுவிட்டு, "கூடவே ஒரு மவுசும் வேணுமுங்க. பழசு கிளிக்கே ஆகறதில்லைங்க. ஒரு பையும் வேணும்" என்றாள். கடைப்பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். போனில் மகனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, எனக்குத்தான் அதுல வேலை இல்லையே. அவ வேலைக்கு அவ சொல்றதையே வாங்குங்க" என்றான்.

கொழுந்தனார் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்து, "அண்ணி, உங்களுக்கு இவ்வளவு பேச வருமுங்களா? எங்கண்ணன் இருந்திருந்தா பயந்துருப்பாரு" என்றார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் மருமகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உங்களுக்கு என்னங்க வேணும்? கேளுங்க அத்தை" என்றாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. "சொல்லாம பஸ் ஏற மாட்டேன்" என்று நின்றுவிட்டாள். எதிரில் ஒரு கடையில் ரோஸ் மில்க் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் வாய் வரவில்லை. கண்ணால் காட்டினேன். அவள் புரிந்துகொண்டு பெரிய டம்ளராக வாங்கிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில் மருமகள் வீட்டிலேயே உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். பேத்தி அவள் முதுகில் சாய்ந்துகொண்டு பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. கோயிலுக்கும் போய் அம்மனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

என் கூச்சம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இன்றைக்கும் பஸ்ஸில் டிக்கெட்டுக்குப் பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்க்கிறேன். எனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்க அந்தக் கூச்சம் இன்னும் விடுவதில்லை. ஆனால் என் வீட்டுப் பெண்ணுக்காகக் கேட்கும்போது, அது தானாகவே நகர்ந்து எனக்கு வழி விடுகிறது.