கம்பத்தடியில் கெட்டதைச் சொன்னவர்

தாணுலிங்கம் அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது நான் இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு மின்கம்பத்தின் மேல் இருந்தேன். சட்டைப்பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. மேலே நிற்கும்போது போன் எடுக்கக் கூடாது என்பது அண்ணாச்சி போட்ட சட்டம். இறங்கிப் பார்த்தால் அவருடைய மருமகன் ஐந்து முறை கூப்பிட்டிருந்தார். "மாமா போயிட்டாவ" என்றார். அவர் சட்டத்தை மதித்து, அவர் சாவையே அரை மணி நேரம் பிந்திக் கேட்டேன். அண்ணாச்சி அறிந்தால் தலையாட்டியிருப்பார்.

நாங்கள் இருவரும் லைன்மேன்கள். இருபது வருடத்துக்கு மேல் ஒரே ஏணியைச் சுமந்தவர்கள். நான் பத்தாம் வகுப்பில் இரண்டு வருடம் தங்கிப் படித்தவன். அண்ணாச்சியும் பெரிய படிப்புக்காரரல்ல, ஆனால் வாசிப்பார். நாகர்கோவிலில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை போன புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் கிரேக்கத்திலும் ரோமாபுரியிலும் வாழ்ந்த ஸ்டோயிக் ஞானிகளைப் பற்றியது. "இதுல அடிமையும் உண்டு, ராஜாவும் உண்டு. ரெண்டு பேருக்கும் ஒரே பாடமாக்கும்" என்றார். நம் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்துக்கொள். உள்ளதை ஒழுங்காகச் செய். இல்லாததற்குக் கிடந்து வேகாதே. வரக்கூடிய கெட்டதை வருவதற்கு முன்பே மனதில் ஒருமுறை பார்த்துவிடு. என் மண்டையில் ஏறியது இவ்வளவுதான்.

அவர் அதைப் புத்தகத்தில் விட்டுவைக்கவில்லை. கரண்ட் போனால் ஊர்க்காரர்கள் போன் செய்து எங்கள் தாயாரை விசாரிப்பார்கள். நான் திருப்பி அவர்கள் தாயாரை விசாரிப்பேன். அண்ணாச்சி முழுவதையும் கேட்டுவிட்டு, எந்தக் கம்பம் என்று மட்டும் கேட்பார். "ஏசுகது அவன் வாயி. பீஸ் போடுகது எங் கையி" என்பார்.

காலையில் முதல் கம்பத்தடியில் நின்று, அன்று நடக்கக்கூடிய கெட்டதையெல்லாம் சத்தமாகச் சொல்வார். சுவிட்ச் சரியாக விழாமல் இருக்கலாம், எவன் வீட்டு ஜெனரேட்டரிலிருந்தாவது கரண்ட் திரும்பி வரலாம், இடுப்பு பெல்ட் அறுந்துபோகலாம், நான் சாகலாம். சொல்லி முடித்ததும் பெல்ட்டை இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டு ஏறுவார். விடிந்ததும் சாவைப் பேசுகிறவரை நம் ஊர் என்னவென்று சொல்லும்? கரிநாக்கு, சொன்ன கெட்டது பலித்துவிடும் என்றது. முதல் வியாபாரம் ஆகும்வரை கடைக்காரர்கள் அவரை வாய் திறக்க விடமாட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். கடியப்பட்டணத்தில் ஒரு மழைநாளில், அணைத்த லைன்தானே என்று ஏறப் போன என்னைப் பிடித்து நிறுத்தி, கம்பியில் மிச்சமிருக்கும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் ராடு போட வைத்தார். பொறி பறந்தது. அன்று சிரிப்பு வரவில்லை.

என் மகன் சுஜின் பன்னிரண்டாம் வகுப்பு தேறினான். அப்பனால் ஒரே மூச்சில் தாண்ட முடியாத பத்தையும் சேர்த்துத் தாண்டியவனாயிற்றே என்று பைக் வாங்கிக் கொடுத்தேன். சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்த அன்று அண்ணாச்சியும் வந்திருந்தார். என்னைத் தனியே அழைத்து மெதுவாகச் சொன்னார். "சாவியக் குடுக்கும்போ, இவன் திரும்பி வராமலும் போகலாம்னு ஒருக்க நெனச்சுக்கோ மக்கா. நெனச்சா இன்னும் ஆசையாப் பாப்ப."

பின்னால் நின்ற என் மனைவியின் காதில் அது விழுந்துவிட்டது. உப்பும் மிளகாயும் எடுத்துப் பையனைச் சுற்றிப் போட்டாள். பதினேழாம் நாள் சுஜின் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தான்.

துக்க வீட்டுக்கு வந்த அண்ணாச்சியின் சட்டையை நான் பிடித்தேன். அத்தனை பேர் முன்னாலும், "உம்ம கரிநாக்குதான்வேய் எம் பிள்ளையக் கொன்னுது" என்றேன். எங்கள் வீட்டு முன்னால் தெருவிளக்கு எரியாமல் இருந்தது. இருட்டுவதற்குள் அவர் தனியாகக் கம்பம் ஏறி அதை எரியவைத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு நான்கு வருடம் அவருடன் ஒரு வார்த்தை பேசாமல் அதே ஏணியைச் சுமந்தேன். கயிறு வேண்டுமென்றால் கை காட்டுவேன். அவர் கம்பத்தடியில் சத்தமாகச் சொல்வதை நிறுத்திவிட்டார். உதடு மட்டும் அசையும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அப்படியே ஓய்வும் பெற்றார்.

நுரையீரலில் கட்டி என்று கேள்விப்பட்டு, போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "வா மக்கா, இரி" என்றார், நேற்றுத்தான் பிரிந்தவர் போல. அன்றைக்கு நான் ஏசியது என்று தொடங்கினேன். கையைத் தூக்கித் தடுத்தார்.

"அது கெடக்கட்டு. பிள்ளையப் பறிகொடுத்தவன் வாயி அப்படித்தான் பேசும். தப்பு எனக்கு ஒண்ணு உண்டு." மூச்சு வாங்கிக்கொண்டார். "கம்பத்தடியில எல்லாம் சொல்லிட்டு பெல்ட்ட இழுத்துப் பாப்பேம்லா? உம் பய விஷயத்துல சொன்னதோட விட்டுட்டேன். ஹெல்மெட் எங்கலேன்னு கேக்கல. அது எங் கையில இருந்த காரியம்."

வண்டியோடு வந்த ஹெல்மெட், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இன்றும் எங்கள் வீட்டு பீரோ மேல் இருக்கிறது. அங்கே தூக்கி வைத்தவன் நான். புது வண்டியில் போகும் பிள்ளையின் முகத்தை நாலு பேர் பார்க்கட்டும் என்று நானே வைத்தேன். மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இத்தனை வருடமும் அண்ணாச்சியின் நாக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் அதைச் சொல்ல வாயெடுத்தபோது அவருடைய மகள் கஞ்சியோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லலாம் என்று எழுந்தேன். வியாழக்கிழமை அவர் இல்லை. அவர் ஞாயிறு வரை இருக்கமாட்டார் என்று ஒருமுறைகூட நான் நினைத்துப் பார்க்கவில்லை. இருபது வருடம் கூட நின்று படித்த லட்சணம் இது.

முந்தாநாள் ராத்திரி மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, இன்னும் பேசவில்லை. அது என் கையில் இல்லை. இதை எழுதுவது என் கையில் இருக்கிறது. அண்ணாச்சியைக் கரிநாக்கு என்று சொன்ன எல்லோரும் இதை வாசிக்க வேண்டும்.

இன்று காலை முதல் கம்பத்தடியில் நின்று, அவர் சொல்வது போலவே ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னேன். நான் சாகலாம் என்பதுவரை வந்தபோது எதிரே டீக்கடைக்காரர் தூவென்று துப்பினார். "காலங்காத்தால கரிநாக்க நீட்டாதவேய்."

பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். பிடித்துக்கொண்டது. ஏறினேன்.

போய் வாருங்கள் அண்ணாச்சி. அந்தப் பெயரை இனி நான் சுமந்துகொள்கிறேன்.