தவளைக் காரும் அரைப்போத்தல் பெற்றோலும்

போன கிழமை மகன் தன் கைப்பேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினான். கைக்கடக்கமான விலையில் வாங்கக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் என்று ஒரு பட்டியல். முதலில் தரைத்தகட்டில் துரு இருக்கிறதா பாருங்கள், துணிக்கூரை கிழிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள் என்று நிறையப் புத்திமதி. ஐந்தாவதாக அது நின்றது. உருண்ட இரண்டு கண், சிரிக்கிற வாய். "அப்பா, உங்கடை கார் இதுதானே? ஒண்டு வாங்குவமா?" என்றான். தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் நான் குசினிக்குள் போய்விட்டேன்.

என்னுடைய காரை 83 கலவரத்துக்குப் பிறகு கொழும்பை விட்டு வந்த ஓர் எஞ்சினியர் மானிப்பாய்ப் பக்கம் கொண்டுவந்தார். பிறகு அவர் அவுஸ்திரேலியாவுக்கு வெளிக்கிட்டபோது, ஒரு நல்ல பசுமாட்டின் விலைக்கு அதை என் தலையில் கட்டினார். நான் அப்போது கச்சேரியில் அரசாங்க எழுதுவினைஞன். வயது இருபத்தாறு, மூளை அதைவிடக் குறைவு. துருவும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. அதில் இருக்கை இரண்டுதான். கதவுக்கு வெளியே கைபிடி கிடையாது. உள்ளே கையை விட்டுத்தான் திறக்கவேண்டும். பின்பெட்டிக்கு மூடியே இல்லை. ஒரு பூசணிக்காய் வைப்பதென்றாலும் இருக்கையை மடித்துவிட்டு உள்ளே தவழவேண்டும். அம்மா அதை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். "உதிலை ஒரு பிரேதத்தைக்கூட ஏத்தேலாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஊர் அதற்குத் தவளை என்று பேர் வைத்தது. வைக்கட்டுமே. கூரையை மடித்துவிட்டு வல்லை வெளியைத் தாண்டித் தொண்டைமானாறுவரை ஓடிய பின்னேரங்களில் என்னை யார் என்ன சொன்னாலும் உறைக்காது. எஞ்சின் சூடேற இரண்டு காபரேற்றரிலிருந்தும் பெற்றோல் மணம் மெல்ல எழும்பும். எனக்கு அந்த மணத்தில் ஒரு பைத்தியம் இருந்தது.

தொண்ணூறில் சண்டை மூண்டு, பெற்றோல் சவர்க்காரம் என்று எல்லாவற்றுக்கும் அரசாங்கம் தடைபோட்டதோடு அந்த மணம் குடாநாட்டை விட்டே போனது. மிஞ்சிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. வீதியெல்லாம் கறுப்புப் புகை. ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் துளி பெற்றோல் வேண்டும். ஊசிமருந்துச் சிறிஞ்சில் எடுத்துக் காபரேற்றருக்குள் பீச்சுவார்கள். எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நான் மட்டும் மாட்டேன் என்று நின்றேன். இது ஸ்போர்ட்ஸ் எஞ்சின், மண்ணெண்ணெய் விட்டால் இடிக்கும், நாசமாகும் என்று கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் விளக்கம் சொன்னேன். சவர்க்காரத்துக்கு வழியில்லாத நாளில் என்ன திமிர் பாருங்கள்.

கிளாலிக் கடலைத் தாண்டி வந்த ஒருவர் நல்லெண்ணெய்ப் போத்தலில் ஒளித்துக் கொண்டுவந்த பெற்றோல் என்னிடம் அரைப்போத்தல் இருந்தது. கிணற்றடிக் கொட்டிலில், பழைய சாக்குகளுக்குக் கீழே வைத்திருந்தேன். எஞ்சின் இறுகாமல் இருக்க ஞாயிறுதோறும் பத்து மணிக்கு நாலு சிறிஞ்சு விடுவேன். ஒரு நிமிடம் ஓடும். ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

எதிர்வீட்டு றோசம்மா அக்கா பூசை முடிந்து வந்த சேலையோடு படலைக்கு வந்து நிற்பார். "தவளை கத்துது, மழை வரப்போகுது" என்பார். ஒவ்வொரு ஞாயிறும் அதே பகிடி, ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு அதே சிரிப்பு. அவரும் புருஷன் அருளப்பு அண்ணையும் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. கடலுக்குப் போகமுடியாமல் போனபின் அண்ணை வள்ளத்தை விற்று, ஒரு பழைய ஏ-போட்டி காரை வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடினார். நாங்கள் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டோம் என்று அக்காவுக்குத் தெரியும். மற்ற நாளில் மீன் கிடைத்தால், தனக்கு இரண்டு துண்டு என்றாலும் எங்களுக்கு ஒரு துண்டு வரும். அவருக்கு மூச்சு இழுப்பு வருத்தம் இருந்தது. மாரியில் கூடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் எங்கள் வாயில் முதலில் வருகிற சொல் 'இல்லை'. சீனி இருக்கா, இல்லை. பற்றரி இருக்கா, இல்லை. நெருப்புப்பெட்டி இருக்கா, இல்லை. கேட்டவர் படலை தாண்டியபிறகுதான் இருந்ததா என்று யோசிப்போம். எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லித் தப்பப் பார்க்கிறேன். றோசம்மா அக்கா அப்படியில்லை.

ஒரு கார்த்திகை மாதம், வியாழக்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருக்கும். அருளப்பு அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். கையில் வெறும் சிறிஞ்சு.

"தம்பி, றோசம்மாவுக்கு இழுப்புக் கூடிப்போச்சு, மூச்செடுக்கிறாளில்லை. என்ரை பெற்றோல் நேற்றையான் ஹயரோடை முடிஞ்சுது. ஒரு சிறிஞ்சு தா, ஸ்ராட் பண்ணினாக் காணும்."

"முடிஞ்சுது அண்ணை" என்றேன்.

அவர் "சரியடா தம்பி" என்று திரும்பி ஓடினார்.

இரண்டு எட்டு வைத்து, அண்ணை நில்லுங்கோ, கொஞ்சம் கிடக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அரை நிமிடத்துக்கு முன் சொன்னது பொய் என்றாகிவிடும். அந்த வெட்கம்தான் என் காலைப் பிடித்தது. பெற்றோலில் ஆசைகூட இல்லை. ஒரு மனுசியின் மூச்சைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது. அதை வேறெப்படிச் சொன்னாலும் பொய்.

கடைசியில் கொட்டிலுக்குள் போய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு ஓடினேன். எதிர்வீட்டு முற்றத்தில் ஏ-போட்டி மூடி திறந்தபடி நின்றது. வீட்டில் ஒருவரும் இல்லை. அக்காவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சேலையால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு அண்ணை போய்விட்டாராம். ஆஸ்பத்திரி இரண்டு மைல். பாதி வழியில், முதுகில் சாய்ந்திருந்த தலையின் பாரம் மாறியதை உணர்ந்ததாகப் பிறகு செத்தவீட்டில் சொன்னார். நான் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

போத்தலோடு நான் திரும்பி வந்தபோது அம்மா குசினி வாசலில் நின்றார். அவருக்கு எல்லாம் தெரியும். சனிக்கிழமை, அடக்கம் முடிந்து வந்து குளித்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

"நாளைக்கு அதை ஸ்ராட் பண்ணிப்போடாதை. அந்தாளுக்குக் கேக்கும்."

நான் பண்ணவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. ஒரு மாதம் கழித்துப் பண்ணினாலும், பெற்றோல் எங்காலை வந்தது என்று அவர் கேட்கமாட்டார்தான், ஆனால் யோசிப்பார். பெற்றோலைக் கிணற்றடி வாழைக்குள் ஊற்றினேன். மாரி முடிய எஞ்சின் இறுகிவிட்டது. தவளையின் இருக்கைக்குள் கோழி முட்டையிட்டது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி நெருங்கிவர ஊரே வெளிக்கிட்டபோது அருளப்பு அண்ணை படலையில் வந்து நின்று, "அம்மாவை என்ரை காரிலை ஏத்து" என்றார். மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு, சனத்துக்குள் காரைத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் யன்னலுக்குள்ளால் ஒரு கையை விட்டு ஸ்ரியறிங் வளையத்தைப் பிடித்திருந்தார். நான் பின்னால். நாவற்குழிப் பாலத்தில் விடிந்தது. கூட்டம் அசையாமல் நின்ற ஒரு நேரத்தில் அவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, உன்னட்டை ஒண்டு சொல்லவேணும் எண்டிருந்தனான். றோசம்மா போனாப்பிறகு நீ தவளையைத் தொடவேயில்லை. அவளுக்கு அந்தச் சத்தம் விருப்பம் எண்டு உனக்குத் தெரிஞ்சிருக்கு. கூடப்பிறந்தவன்கூட இப்பிடித் துக்கம் காக்கமாட்டான். சேமக்காலையிலை அவளின்ரை குழியடிக்குப் போற நேரமெல்லாம் அவளுக்கும் இதைச் சொல்லியிருக்கிறன்."

காருக்குள் அம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஓம் அண்ணை" என்றேன்.

அடுத்த வருசம், நாங்கள் பிரிந்தபிறகு, வன்னியில் மலேரியாவில் அவர் செத்துப்போனதாக ஒரு கடிதம் வந்தது. அம்மாவும் பிறகு போய்விட்டார். சண்டை ஓய்ந்து பாதை திறந்தபின் நான் ஒருமுறை ஊருக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் சுவர்த்துண்டு ஒன்று நின்றது. கார் நின்ற இடத்தில் ஒரு ஆணிகூட இல்லை. ஒழுங்கையில் என்னைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. சேமக்காலைக்கும் போனேன். சிலுவைகள் சரிந்து, பற்றை மூடிக் கிடந்தது. றோசம்மா அக்காவிடம் உண்மையைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். எது அவருடைய குழி என்று கண்டுபிடிக்கமுடியவில்லை. காலில் முள் ஏறும்வரை தேடினேன். பிறகு, கடைசி பஸ் போய்விடும் என்று வந்துவிட்டேன்.